வியாழக்கிழமைக் கண்கள்

அத்தியாயம் பதினொன்று

ஒரு காலில் ரப்பர் பூட்ஸ், மறு காலில் வெறும் கம்பளிக் காலுறை. வாசற்கதவுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு ஸ்வாலா அம்மாவை விசாரணை செய்துகொண்டிருந்தாள்.

"இன்னைக்கு டிவியே கிடையாது. அப்புறம் நீ எதுக்கு நிலையத்துக்குப் போற?"

"அதுக்குத்தான் போறேன். கால நீட்டு."

"டிவி தூங்கும்போது நீங்கள்லாம் என்ன பண்ணுவீங்க?"

"அது குறட்டை விடுதான்னு பாத்துட்டு இருப்போம். ஸ்வாலா, பஸ் போயிடும்டி!"

ஐந்து வயதுக்காரியின் கேள்வியில் நியாயம் இருந்தது. வியாழக்கிழமைகளில் இந்த நாட்டில் ஒளிபரப்பு கிடையாது. ஜூலை மாதம் முழுக்கவும் கிடையாது. மற்ற நாட்களில் ஒரே ஒரு நிலையம். அந்த ஒரே நிலையத்தில் வாரம் ஒரு தடவை, அரை மணி நேரம், கோப்பி என்ற கடல்நாய்க்குட்டி பொம்மை வந்து ஐஸ்லாந்தின் பிள்ளைகளுக்கு எண்ணவும் அளக்கவும் சொல்லிக் கொடுத்தது. அந்தப் பொம்மைக்குள் இருந்த கை ஸ்வாலாவின் அம்மா சால்வோருடையது. மூக்கடைத்தது போல் இழுத்து இழுத்துப் பேசும் அந்தக் குரலும் அவளுடையதுதான்.

இன்றைக்கு மாலைக்குள் கோப்பி இருக்குமா போகுமா என்று தெரிந்துவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை காபி மேஜையில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சால்வோரின் அக்கா யோரூன், மேற்கு நகரில் பாலர் பள்ளி நடத்துகிறவள், பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். 'பெட்டிக்கு முன்னால் உட்காரும் பிள்ளை உட்காரத்தான் கற்றுக்கொள்கிறது, வேறெதையும் அல்ல' என்பது அதில் ஒரு வரி. அந்த வரியை மைத்துனர் ஒருவர் சத்தமாக வாசித்துக் காட்ட, சால்வோர் கோப்பையை வைத்த வேகத்தில் தட்டு விரிசல் விட்டது. அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஆனால் செவ்வாய்க்கிழமை சால்வோர்தான் தொலைபேசியில் கூப்பிட வேண்டியிருந்தது.

"அக்கா..."

"ஓ, அக்காவா? உனக்கு வேலை ஆகணும்னாதான் நான் அக்கா. மத்த நேரம் யோரூன். சொல்லு."

"பிள்ளைங்க வேணும். ஒரு ஆறு பேர். வியாழக்கிழமை எங்க ஒத்திகை அறைக்குக் கூட்டிட்டு வரணும். கோப்பியப் போட்டுக் காட்டி, அதுங்க பாக்குதான்னு பரிசோதிக்கிறாங்க. பாக்கலேன்னா இலையுதிர்காலத்துல நிகழ்ச்சி திரும்ப வராது."



"நான் என்ன எழுதினேன்னு தெரிஞ்சும் என்கிட்டயே கேக்கறியா?"

"உன் பிள்ளைங்கள்னாதான் யாரும் குத்தம் சொல்ல முடியாது. கோப்பியோட எதிரி கூட்டிட்டு வந்த பிள்ளைங்க."

யோரூன் சிரித்துவிட்டாள். சிரித்தாலும் அவள் சம்மதித்த விதத்தில் ஒரு கூர்மை இருந்தது. தன் கட்டுரை நிரூபணமாவதை நேரில் பார்க்கப் போகிறவளின் கூர்மை.

* * *

கயிற்றில் கோத்தது போல் வந்தார்கள். நிஜமாகவே கயிறுதான். பாலர் பள்ளிப் பிள்ளைகள் தெருவில் நடக்கும்போது பிடித்துக்கொள்ள ஆளுக்கொரு வளையம் வைத்த நீளக் கயிறு. முன்னால் யோரூன், பின்னால் ஆறு கம்பளிக் குல்லாய்கள். நடுவில் ஸ்வாலா, அம்மாவைத் தெரியாதவள் போல முகத்தை வைத்துக்கொண்டு. பள்ளி நேரத்தில் அவள் யாருக்கும் மகள் இல்லை.

ஒத்திகை அறையில் நிலையத்தின் ஆய்வாளன் ஹ்யால்டி எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தான். அமெரிக்காவில் பல வருடம் இருந்துவிட்டு, போன குளிர்காலத்தில்தான் திரும்பி வந்தவன். வந்ததிலிருந்து பிள்ளைகளின் கண்களைப் பற்றியே பேசினான்.

"ரொம்ப எளிமை," என்று சால்வோரிடம் மறுபடியும் விளக்கினான். "இந்தப் பக்கம் டிவி, அதுல உன் கோப்பி. அந்தப் பக்கம் வெள்ளைத் துணி, அதுல ஸ்லைடு படம். சில நொடிக்கு ஒரு தடவை படம் மாறும். கப்பல், குதிரை, அருவி, இப்படி. அது பிள்ளைங்களோட கவனத்தக் கலைக்க. அதையும் மீறி டிவியப் பாத்தா, நிகழ்ச்சி நல்லா இருக்கு. ஸ்லைடப் பாத்தா, நல்லா இல்ல. கண்ணு எங்க இருக்கோ மனசும் அங்கதான்."

"தெரியும். நான்தானே இந்த நாளையே தேர்ந்தெடுத்தேன்," என்றாள் சால்வோர். வியாழக்கிழமைதான் கட்டிடம் காலியாக இருக்கும். ஒலிப்பதிவு அறைகளில் யாரும் ஓட மாட்டார்கள், கதவு அடிக்காது. பரிசோதனைக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது என்று எல்லோருமே ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

இருவரும் ஒரு திரைக்குப் பின்னால் போய் நின்றார்கள். ஹ்யால்டியின் இரண்டு கைகளிலும் அழுத்தினால் 'டிக்' என்னும் சிறு கருவிகள்; வலது டிவிக்கு, இடது ஸ்லைடுக்கு.

டிவி எரிந்தது. கடல் அலை, பாறை, கோப்பி.

"பொய் டிவி," என்றான் ஒட்கெய்ர் என்ற பையன்.

"ஆமா, இன்னைக்கு வியாழன்," என்றாள் எய்தீஸ். ஆறு வயதாகப் போகிறது என்பதால் அவள்தான் கூட்டத்துக்குத் தலைவி. "வியாழக்கிழமை டிவிக்கு லீவு. இதுக்குள்ள யாரோ இருக்காங்க."

அப்போது பக்கத்துத் துணியில் 'க்ளக்' என்று முதல் ஸ்லைடு விழுந்தது. துறைமுகத்தில் ஒரு மீன்பிடிக் கப்பல்.

நான்கு குல்லாய்கள் ஒரே சமயத்தில் திரும்பின.

"ஐ! படம் காட்டறாங்க!"

"நாற்காலியத் திருப்பு, திருப்பு!"

"லைட்ட அணைங்க!" என்று எய்தீஸ் அறைக்கே உத்தரவிட்டாள்.

'க்ளக்.' ஒரு குதிரை, அதன்மேல் ஒரு ஆள்.

"இது யாரோட மாமா?"

"எங்க மாமா இல்ல. உன் மாமாவா?"

"அடுத்தது!" என்று எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். 'க்ளக்.' "அடுத்தது!"

திரைக்குப் பின்னால் ஹ்யால்டியின் இடதுகைக் கருவி நிறுத்தாமல் டிக்கடித்தது. வலதுகை பெரும்பாலும் சும்மா கிடந்தது. டிவியில் கோப்பி ஒரு மீனைத் தன் துடுப்புக் கையால் அளந்துகொண்டிருந்தது. மீனவர் பொம்மை அதே மீனைத் தன் பெரிய கையால் அளந்தது. கோப்பி நாலு சாண் என்றது, மீனவர் இரண்டு சாண் என்றார், இருவருக்கும் சண்டை. அந்தச் சண்டையை எழுத அவள் எத்தனை தாள் கிழித்திருப்பாள்! நாட்டின் பிள்ளைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்று நினைத்த இடம். இங்கே ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இல்லை, ஒட்கெய்ர் ஒருவன் பார்த்தான். இமைக்காமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பையன் ஒருத்தன்தான் நம்ம ஆளு," என்று ஹ்யால்டி கிசுகிசுத்தான்.

சால்வோர் ஒட்கெய்ரைப் பார்க்கவில்லை. அவள் மகளைப் பார்த்தாள்.

ஸ்வாலா டிவியையும் பார்க்கவில்லை, ஸ்லைடையும் பார்க்கவில்லை. டிவிக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, ஸ்வெட்டரிலிருந்து பிரிந்த ஒரு நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். நிகழ்ச்சி முடியும்வரை ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

* * *

"இது கணக்கு, சால்வோர். இதுல என் கருத்துன்னு ஒண்ணும் இல்ல," என்றான் ஹ்யால்டி நடைவழியில். "மத்தியானம் குழு கூடுது. தலைவி வில்போர்க் கேட்டா இதைத்தான் சொல்லணும். பிள்ளைங்க பாக்கல."

"ஹ்யால்டி, இன்னைக்கு வியாழக்கிழமை!"

"அதனால?"

"உனக்கு எல்லாமே மறந்துபோச்சா? வியாழக்கிழமை ராத்திரி வீட்ல என்ன பண்ணுவோம்? டிவி இல்ல. அப்பா ஸ்லைடு இயந்திரத்த எடுப்பார். பக்கத்து வீட்டுக்காரங்க வருவாங்க. கோடைக்குப் போன எடமெல்லாம் சுவத்துல காட்டுவார். பிள்ளைங்க 'அடுத்தது'ன்னு கத்தும். அதுங்க பொறந்ததுலேர்ந்து வியாழன்னா ஸ்லைடுதான்! நாம போய் அதே நாள்ல, அதே இயந்திரத்த வெச்சு..."

அவள் பாதியில் நிறுத்தினாள். நாளைத் தேர்ந்தெடுத்தது அவள்தான்.

யோரூன் அருங்காட்சியகத்தில் நிற்பவள் போலக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சரி, வியாழக்கிழமை மேல பழி போடு. அப்ப ஸ்வாலா? அவ ஸ்லைடையும் பாக்கலையே."

"யோரூன், போதும்."

"நான் எழுதினது தப்புன்னா சொல்லு. உன் பொண்ணே உன் நிகழ்ச்சிக்கு முதுகக் காட்டிட்டு உக்காந்திருக்கா."

"வீட்லயும் அப்படித்தான்," என்றாள் சால்வோர். குரல் உடைந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு சொல்லாகத் தனியே வைத்தாள். "ஒவ்வொரு வாரமும். நான் எவ்ளோ சொல்லியும். திரும்புடி, பாருடின்னா திரும்ப மாட்டா. சந்தோஷமா உனக்கு?"

யோரூனுக்குச் சந்தோஷம் வரவில்லை. இதை அவள் எதிர்பார்க்கவில்லை. வாயைத் திறந்தாள், அதற்குள் தங்கை படியேறிப் போய்விட்டாள்.

* * *

கீழே சிற்றுண்டிச் சாலையும் காலிதான். யோரூன் பையிலிருந்து காய்ந்த மீனையும் வெண்ணெய் டப்பாவையும் எடுத்தாள். வெளியே காற்று கண்ணாடியை உலுக்கியது. பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. அவளால் உட்கார முடியவில்லை. மீனைக் கிழித்துக் கிழித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள்.

"எய்தீஸுக்குப் பெருசு!" என்றான் ஒட்கெய்ர்.

"இல்ல, உனக்குத்தான் பெருசு. நீ எப்பவும் பொய் சொல்ற."

"அளந்து பாக்கலாமா?" என்றது இன்னொரு பிள்ளை.

"பாரு!" ஒட்கெய்ர் மேஜையில் தன் துண்டை நீட்டிக் கையை விரித்து வைத்தான். "ஒண்ணு, அப்புறம் கொஞ்சம். உன்னோடத நீ அள."

எய்தீஸ் கையைத் தூக்கினாள். பிறகு நிறுத்தினாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"நான் என் கையால அளக்கக் கூடாது."

"ஏன்?"

"உன் கை குட்டி. என் கை பெருசு. அப்ப என்னோடது குட்டின்னு வந்துடும்."

"அளந்தா அளந்ததுதான்!"

"இல்லடா மக்கு." இது ஸ்வாலா. மேஜையின் கடைசியில், வாய் நிறைய மீனோடு. "ரெண்டையும் ஒரே கையால அளக்கணும். யாரோட கையா இருந்தாலும் பரவாயில்ல. ஆனா ஒரே கை. இல்லேன்னா மீனவர் மாதிரி கத்திட்டே இருக்கணும்."

"ஆமா, ரெண்டு சாண், ரெண்டு சாண்னு," என்றாள் எய்தீஸ். மற்றப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

யோரூன் கையில் இருந்த வெண்ணெய்க் கத்தி அப்படியே நின்றது.

போன குளிர்காலத்தில் இதே பிள்ளைகளுக்கு ஒரு மர அளவுகோலை வைத்து அளவு சொல்லித்தர அவள் மூன்று வாரம் முயன்றாள். அளவுகோல் வாளாகிவிட்டது, அவளும் விட்டுவிட்டாள். இப்போது ஸ்லைடைப் பார்த்து 'அடுத்தது' என்று கூவிக்கொண்டிருந்த எய்தீஸ், டிவிக்கு முதுகு காட்டி நூலைச் சுற்றிய ஸ்வாலா. இரண்டு பேருக்கும் ஒன்றையும் விடாமல் காதில் விழுந்திருக்கிறது.

"ஒட்கெய்ர், நீதானே டிவியப் பாத்துட்டே இருந்தே? கோப்பி கடைசியில என்ன பண்ணிச்சு?"

ஒட்கெய்ர் யோசித்தான். "பெட்டிக்குப் பின்னால ஒரு செவப்பு ஒயர் இருந்துச்சு."

"அப்புறம்?"

"அது எங்க போகுதுன்னு பாத்தேன். செவுத்துக்குள்ள போகுது."

யோரூன் நாற்காலியை இழுத்து ஸ்வாலாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"நீ ஏன்டா கண்ணு திரும்பிப் பாக்கவே மாட்டேங்கற? பிடிக்கலையா?"

"பிடிக்கும்."

"அப்ப?"

ஸ்வாலா தோளைக் குலுக்கினாள். இது கூடவா தெரியாது என்பது போல.

"பாத்தா கோப்பி பேசுது. பாக்கலேன்னா அம்மா பேசுறா."

யோரூன் கத்தியைக் கீழே வைத்தாள்.

"வீட்ல அம்மா பேசறதில்லையா?"

"வீட்ல அம்மாவுக்குத் தொண்டை வலிக்கும்," என்றாள் ஸ்வாலா, அம்மாவைக் காப்பாற்றும் தொனியில். "கோப்பி நெறைய பேசிடுது இல்ல? அதான். இன்னொரு துண்டு மீன் குடு பெரியம்மா."

* * *

யோரூன் பேசாமல் பஸ் ஏறிப் போயிருக்கலாம். அடுத்த வாரம் பாலர் பள்ளி ஆசிரியைகளின் கூட்டம். கட்டுரை எழுதினவள் என்பதால் அவளைத்தான் பேச அழைத்திருந்தார்கள். தெருவில் பெற்றோர்கள் நிறுத்திக் கைகுலுக்குகிறார்கள். மாடியில் ஒரு அறையில் இந்நேரம் ஹ்யால்டி அவளுடைய கட்டுரைக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருப்பான். அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம். சும்மா இருந்தாலே ஜெயித்துவிடுவாள்.

பிள்ளைகளின் குல்லாய்களைக் கட்டினாள். கயிற்றை எடுத்தாள். "வளையத்தப் பிடிங்க."

வாசல்வரை போனாள். கதவைத் திறந்தாள். காற்று உள்ளே பாய்ந்தது.

"பெரியம்மா, பஸ் அந்தப் பக்கம்," என்றாள் ஸ்வாலா. யோரூன் கதவை மறுபடி சாத்திவிட்டுப் படிக்கட்டை நோக்கித் திரும்பியிருந்தாள்.

* * *

நிகழ்ச்சித் தலைவி வில்போர்க் கூட்டங்களில் காலுறை பின்னுவாள். ஊசிகள் வேகமாக ஓடினால் சலிப்பு, மெதுவாக ஓடினால் யோசனை என்று நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். இப்போது வேகமாக ஓடின.

"ஆக, முடிஞ்சது," என்றாள். "எனக்கும் வருத்தம்தான் சால்வோர். ஆனா பாக்காத நிகழ்ச்சிக்கு..."

கதவு திறந்தது. யோரூன், அவளுக்குப் பின்னால் கயிறு, கயிற்றில் ஆறு பேர்.

"அக்கா?" சால்வோர் எழுந்துவிட்டாள்.

"இது உனக்காக இல்ல, உக்காரு." யோரூன் வில்போர்க்கைப் பார்த்தாள். "என் பேரு யோரூன். பத்திரிகையில எழுதினது நான்தான்."

"படிச்சேன்," என்றாள் வில்போர்க். "நல்லாத் திட்டியிருந்தீங்க."

"இன்னும் திட்டுவேன். பிள்ளைங்க வெளியில ஓடணும், சேத்துல விழணும். அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. ஆனா இப்ப கீழ ஒண்ணு பாத்தேன். பாத்தத மறைக்க எனக்கு வராது." அவள் ஒரு மீன்துண்டை மேஜைமேல், குழுவின் காகிதங்கள் நடுவே வைத்தாள். பக்கத்தில் இன்னொன்று. அறையில் வாசனை பரவியது. "ஹ்யால்டி, உன் கணக்குல ரொம்ப நல்லாப் பாத்தது யாரு?"

"இவன்," என்று ஹ்யால்டி ஒட்கெய்ரைக் காட்டினான். "ஒரு நொடிகூடக் கண்ண எடுக்கல."

"கேளு. என்ன கத்துக்கிட்டான்னு அவன்கிட்டயே கேளு."

ஹ்யால்டி குனிந்து கேட்டான். சிவப்பு ஒயர் சுவருக்குள் போவதைப் பற்றி ஒட்கெய்ர் விரிவாகச் சொன்னான். குழுவில் யாரோ இருமினார்கள்.

"இப்ப உன் கணக்குல பாக்கவே பாக்காதவங்ககிட்ட வா. எய்தீஸ், இந்த ரெண்டுல எது நீளம்?"

எய்தீஸ் மேஜையைச் சுற்றிவந்தாள். இத்தனை பெரியவர்கள் பார்ப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. வில்போர்க்கின் கையை, பின்னல் ஊசியோடு சேர்த்து, உரிமையோடு இழுத்தாள்.

"உங்க கை குடுங்க. முதல்ல இது. அசைக்காதீங்க! இப்ப இது. அதே கைதான். கை மாத்தினா அது ஏமாத்து வேலை." அளந்து முடித்து நிமிர்ந்தாள். "இதுதான் நீளம். கோப்பி சொல்லிச்சு."

"நீ கோப்பியப் பாத்தியா?" என்றாள் வில்போர்க்.

"இல்ல. நான் ஸ்லைடு பாத்தேன். இன்னைக்கு வியாழக்கிழமையாச்சே."

வில்போர்க் அவளையே பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். வியாழக்கிழமை ஸ்லைடுகளோடு வளராதவர்கள் அந்த அறையில் யாரும் இல்லை.

"ஆனா கண்ணு எங்க இருக்கோ..." என்று ஆரம்பித்தான் ஹ்யால்டி.

"காது சும்மாவா ஒட்டி வெச்சிருக்கு, ஹ்யால்டி?" என்றாள் யோரூன். "பள்ளிக்கூடத்துல ஒண்ணாப் படிச்சப்போ நீ சன்னல் வழியாவே பாத்துட்டு இருப்பே. எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லுவே. டீச்சருக்கு ஆத்திரமா வரும். மறந்துட்டியா?"

ஹ்யால்டியின் காதுகள் சிவந்தன. பிறகு, மெல்ல, அவன் கையிலிருந்த கருவியை மேஜைமேல் வைத்தான். "இது... இது யாரும் கேக்காத கேள்வி," என்றான். பையனாக இருந்தபோது இருந்த அதே ஆர்வம் அவன் முகத்தில். "பாக்காம எவ்ளோ கத்துக்கறாங்கன்னு நாம அளக்கவே இல்லையே!"

ஊசிகள் மெதுவாக ஓடின. பிறகு நின்றன.

"சால்வோர்," என்றாள் வில்போர்க். "நிறுத்தறத நான் நிறுத்திட்டேன். ஆனா பழையபடி வாரம் ஒண்ணுன்னா எனக்கு வேண்டாம். இலையுதிர்காலத்துலேர்ந்து வாரம் மூணு. காதுக்குன்னு தனியா யோசிச்சு எழுதணும். நாளைக்கே வேலை ஆரம்பிக்கணும், ஜூலையிலயும் விடுமுறை இல்லாம. குரல் நீதான், வேற யாரும் கூடாது. முடியுமா?"

சன்னலோரம் ஸ்வாலா வளையத்தைப் பிடித்துக்கொண்டு, கீழே நிற்கும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யோரூன் ஒரு அடி முன்னால் வைத்தாள். "சால்வோர், ஒரு நிமிஷம்..."

"முடியும்," என்றாள் சால்வோர். அக்காவின் குரல் காதில் விழும் முன்பே சொல்லிவிட்டாள். "முடியும், முடியும்! கண்டிப்பா முடியும்."

* * *

நிறுத்தத்தில் காற்று ஆளைத் தள்ளியது. பிள்ளைகள் ஒவ்வொருவராக பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள். சால்வோர் கோட் போடாமலே ஓடி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

"உன்ன என்ன சொல்றதுன்னே தெரியல. அந்தக் கட்டுரைய மன்னிச்சிட்டேன். தட்டு விரிசல் விட்டதையும் மன்னிச்சிட்டேன்."

"தட்ட ஒடச்சது நீ."

"அதையும்தான்!"

யோரூன் சிரிக்கவில்லை. தங்கையின் தோளைப் பிடித்துத் தன்னிடமிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தினாள்.

"ஸ்வாலா ஏன் முதுகக் காட்டறான்னு அவளே சொன்னா. கீழ."

"ஏன்?"

யோரூன் சொன்னாள். கூட்டாமல் குறைக்காமல், பிள்ளை சொன்ன அதே வார்த்தைகளில். தொண்டை வலியையும் சேர்த்து.

சால்வோரின் முகத்தில் இருந்த சந்தோஷம் உடனே போகவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"உள்ளயே சொல்லியிருக்கலாமே."

"வாயெடுத்தேன். நீ மூணு தடவ முடியும்னு சொல்லிட்டே."

"சொல்லியிருந்தா நான்..." சால்வோர் முடிக்கவில்லை. சொல்லியிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஸ்வாலாவின் அப்பா பிரான்டூர் கடலுக்குப் போயிருக்கிறான். ஜூலையில்தான் கரைக்கு வருவான். மூன்று பேரும் கூடாரம் எடுத்துக்கொண்டு வடக்கே போவதாகப் பேச்சு. ஜூலையைத்தான் இப்போது கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"சால்வோர்!" நிலையத்தின் வாசலிலிருந்து ஹ்யால்டி கைகளை ஆட்டினான். "வில்போர்க் கூப்பிடறாங்க! நாளைக்கு எத்தன மணிக்குன்னு பேசணுமாம்!"

பஸ் ஓட்டுநர் கதவு விசையில் கையை வைத்துக்கொண்டு இவர்களைப் பார்த்தார். "யாராவது ஏறுறீங்களா, இல்ல காத்து வாங்க வந்தீங்களா?"

சால்வோர் நிலையத்தைப் பார்த்தாள். பஸ்ஸைப் பார்த்தாள். ஏறிவிட்டாள். கோட்டும் கைப்பையும் மாடியிலேயே கிடந்தன. யோரூன்தான் அவளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள்.

ஸ்வாலா நகர்ந்து இடம் விட்டாள். அம்மா பகலில், வேலை நேரத்தில், இந்த பஸ்ஸில் ஏறியது இதுவரை நடக்காத விஷயம். அவள் அதைச் சந்தேகத்தோடு சிறிது நேரம் ஆராய்ந்தாள்.

"வேலை முடிஞ்சுதா?"

"இன்னைக்கு முடிஞ்சுது."

"வீட்டுக்கா வர்ற?"

"உன்கூடத்தான்."

துறைமுகத்தின் கொடிக்கம்பங்கள் சன்னலில் நகர்ந்தன. ஸ்வாலா கண்ணாடியில் மூக்கை அழுத்தி எடுத்தாள். பிறகு, அதைவிட முக்கியமான ஒன்று நினைவுக்கு வந்தவள் போலத் திரும்பினாள்.

"நாளைக்கும் வருவியா?"

அந்தச் சின்ன முகத்தில் எதிர்பார்ப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. சால்வோருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பிள்ளைகளின் முகத்தில் இப்படி எதிர்பார்ப்பைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவள் தொண்டைக்குப் பழக்கம் உண்டு. யோசிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது.

"க...ண்டிப்...பா!"

மூக்கடைத்த, இழுத்து இழுத்துப் பேசும் குரல்.

முன் இருக்கையில் எய்தீஸும் ஒட்கெய்ரும் "கோப்பி!" என்று துள்ளித் திரும்பினார்கள். பஸ்ஸில் இருந்த பெரியவர்கள்கூடச் சிரித்தார்கள். யோரூன் கண்களை மூடிக்கொண்டாள்.

ஸ்வாலா மட்டும் சிரிக்கவில்லை. இருக்கையில் மண்டியிட்டு எழுந்து, அம்மாவின் வாய்க்கு மிக அருகே தன் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"இப்ப சொன்னது யாரு?" என்று கேட்டாள். "நீயா, அதுவா?"